அத்தியாயம் 5: எது மாறுகிறது? நிலத் தாள்களில் வரும் ஆங்கில மாற்றச் சொற்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையிலும், கோவளம் தாண்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மனை விளம்பரப் பலகைகளுக்குக் குறைவே இல்லை. 'கன்வெர்ட்டட் லேண்ட்', 'ரெகுலரைஸ்டு பிளாட்', 'மியூடேஷன் இன்க்ளூடட்', 'ஈஸி டிரான்ஸ்ஃபர்' என்று வரிசையாக எழுதியிருக்கும். என்ன அர்த்தம் என்று தரகரைக் கேட்டால், "எல்லாம் உங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுவோம் சார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். சிக்கல் அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

இந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை மட்டும் மாற்றும்; மற்றவற்றைத் தொடாது. கிரயம் ஆகி நிலம் உங்களுடையதான பிறகும் பட்டா பழைய பெயரிலேயே இருக்கலாம். பட்டா உங்கள் பெயருக்கு வந்த பிறகும் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். அனுமதி கிடைக்கும் வகையில் இருக்கும் நிலமே, விற்கத் தடை உள்ள நிலமாகவும் இருக்கலாம். ஆகவே தாளில் மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எது வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: மாறுவது உடைமையா, பதிவேடா, பயன்பாடா, கட்டடமா, அல்லது எண்ணும் பெயரும் மட்டும்தானா? இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

1. உடைமை மாறுவது: டிரான்ஸ்ஃபர், கன்வேயன்ஸ், எக்ஸ்சேஞ்ச்

'டிரான்ஸ்ஃபர்' என்பது பொதுப்பெயர். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சொத்து போவது எல்லாமே டிரான்ஸ்ஃபர்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இவற்றில் சிலவற்றை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பணத்துக்கு விற்றால் கிரயம். ஆங்கிலப் பத்திரத்தில் 'சேல்' என்றும் 'கன்வேயன்ஸ்' என்றும் வரும். பணம் வாங்காமல் மகளுக்கோ பேரனுக்கோ எழுதிக் கொடுத்தால் தானம் அல்லது செட்டில்மென்ட். அண்ணன் தம்பிகள் பொதுச் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டால் பார்ட்டிஷன், அதாவது பாகப்பிரிவினை. ஒருவர் தன் பாகத்தைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்தால் ரிலீஸ், அதாவது விடுதலைப் பத்திரம்.

'எக்ஸ்சேஞ்ச்' என்ற சொல்லில் கவனம் வேண்டும். மாமல்லபுரம் கடைத்தெருவில் இந்தச் சொல்லைப் பலகையில் பார்த்தால் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை. பத்திரத்தில் பார்த்தால் பரிவர்த்தனை: என் நிலத்தை நீ எடுத்துக்கொள், உன் நிலத்தை எனக்குக் கொடு. இரு பக்கமும் உரிமை மாற வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. அதனால் பரிவர்த்தனையில் நீங்கள் வாங்கும் நிலத்துக்கு மட்டும் வில்லங்கச் சான்று பார்த்தால் போதும் என்றிருக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்ற மூலப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

'பவர் ஆஃப் அட்டர்னி'யில் மாற்றம் என்ற பேச்சே இல்லை. அது உரிமையாளரின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டுமே. பொது அதிகாரப் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் சேர்ந்தாலும் உடைமை மாறாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "பவர் வாங்கிட்டோம், நிலம் நம்மளுதுதான்" என்று யாராவது சொன்னால், அவரிடம் நிலம் இல்லை, கையெழுத்துதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பதிவேடு மாறுவது: மியூடேஷன், சப்டிவிஷன்

'மியூடேஷன்' என்று வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் வழக்கறிஞரின் கருத்துரையிலும் வருவதை நம் ஊரில் பட்டா மாறுதல் என்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாவது ஒரு வேலை. வருவாய்த் துறையின் பதிவேட்டில் பெயர் மாறுவது இன்னொரு வேலை. முன்னது முடிந்ததும் பின்னதும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முழு சர்வே எண்ணையோ முழு உட்பிரிவையோ அப்படியே வாங்கினால் அளவை தேவையில்லை. இது 'உட்பிரிவு இல்லாத' பட்டா மாறுதல். இந்த வகையில் பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் 'சப்டிவிஷன்' வேண்டும். நில அளவர் வந்து அளந்து, புலப்படத்தில் புதுக் கோடு போட்டு, 123/2 என்றிருந்ததை 123/2ஏ, 123/2பி என்று பிரிப்பார். அதன் பிறகே உங்கள் பெயரில் தனிப்பட்டா வரும். அதுவரை கூட்டுப் பட்டாதான். உட்பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போதே பக்கத்து நிலத்துக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். அளவைக்கு அவர்கள் இருந்தால் பிற்காலத்தில் எல்லைத் தகராறு குறையும்.

பட்டா மாறுதலில் தவறு நேர்ந்தால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கலாம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் தந்த வழி இது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறியதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பட்டா முக்கியமான சான்று; மூலப் பத்திரத்துக்கு அது பதிலாகாது. விற்பவர் பட்டாவை மட்டும் நீட்டினால், அந்தப் பெயர் எந்தப் பத்திரத்தின் பேரில் ஏறியது என்று கேளுங்கள்.

3. பயன்பாடு மாறுவது: கன்வெர்ஷன், ரீகிளாசிஃபிகேஷன், ரெகுலரைசேஷன்

இங்கேதான் அதிகம் பணம் போகிறது.

'கன்வெர்ஷன்' என்றால் விவசாய நிலத்தை வீடு, கடை, விடுதி போன்ற வேறு பயனுக்கு மாற்ற அனுமதி பெறுவது. கர்நாடகத்தில் இதை 'டி.சி. கன்வெர்ஷன்' என்பார்கள். அங்கே டெபுடி கமிஷனர் என்பது மாவட்ட ஆட்சியருக்குச் சமமான பதவி. அவர் தரும் உத்தரவு அது. பெங்களூரிலிருந்து கடற்கரையோரம் நிலம் தேடி வருபவர்கள் அந்தத் தாளையே இங்கும் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் வழி வேறு. இங்கே 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. உங்கள் நிலம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

திட்டப் பகுதிக்குள் இருந்தால் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் முழுமைத் திட்டத்தில் ஒரு பயன்பாட்டு வகை குறிக்கப்பட்டிருக்கும்: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று. அதை மாற்றுவது 'ரீகிளாசிஃபிகேஷன்', நிலப் பயன்பாட்டு வகைமாற்றம். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் பொருந்தும். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். நஞ்சைக்குக் கேள்விகள் கூடுதலாக வரும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த முதல் கேள்விக்கான பதிலே சமீபத்தில் மாறியிருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தி அரசு ஆணை வந்தது. ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் இருந்த பல ஊர்கள் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லைக்குள் வந்தன. ஆகவே பழைய மனைப்பிரிவுத் தாளில் இருக்கும் அலுவலகப் பெயரை நம்பி அலையாமல், இன்று உங்கள் கிராமம் யாருடைய எல்லையில் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

'ரெகுலரைசேஷன்' முற்றிலும் வேறு. அனுமதி வாங்காமல் பிரித்து விற்ற மனைகளைப் பின்னால் வரன்முறைப்படுத்துவது அது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்தது. 'ரெகுலரைஸ்டு' என்று சொல்லி ஒரு மனையை விற்றால் இரண்டைக் கேளுங்கள்: மனைப்பிரிவு முழுவதற்கும் ஆணை இருக்கிறதா, உங்கள் மனைக்குத் தனியாக ஆணை இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு தாள்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "இப்ப விவசாய நிலமா வாங்குங்க, அப்புறம் கன்வெர்ட் பண்ணிக்கலாம்" என்ற பேச்சு சிங்கப்பூர், துபாய் வரை போகிறது. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பின்னால் வரப்போகும் கன்வெர்ஷன், வாங்கும் நாளில் இருந்த தடையை நீக்காது.

4. மாற்றித் தருகிறேன் என்றாலும் மாறாதவை

கர்நாடகத்து 'டி.சி.' பதவியைக் குறிக்கிறது என்று பார்த்தோம். நம் கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டில் 'டி.சி.' என்று இருந்தால் அது டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது பஞ்சமி நிலம். அதன் வரலாறு இந்த மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணையின்படி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்தாண்டு யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் மாற்றம் செல்லாது. நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிலங்கள் பல கைகள் மாறிப்போன வரலாறும் இங்கே உண்டு. காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். எனவே 'டி.சி. கண்டிஷனல்' என்ற குறிப்பைப் பார்த்த பிறகும், "அதெல்லாம் பழைய கதை, பட்டா மாறிடுச்சு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பட்டா மாறலாம், வகைமாற்றமும் கிடைக்கலாம். நிபந்தனை நிலத்தோடேயே இருக்கும். நீங்கள் அந்த நிபந்தனைக்கு உட்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால், இந்தக் குறிப்பு உங்கள் உரிமைக்கான ஆதாரம். பதிவேட்டு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்குக்கும் இதே எச்சரிக்கைதான். செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். கொளவாய், மதுராந்தகம் போன்ற பெரிய ஏரிகளிலிருந்து ஊருக்கு ஊர் இருக்கும் தாங்கல்கள் வரை பதிவேட்டில் இருக்கின்றன. 2007-இல் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. நீர்நிலையை மனையாக 'கன்வெர்ட்' செய்து தருவதாகச் சொல்பவர் விற்பது வாக்குறுதியைத்தான்.

5. கட்டடம் மாறுவது: ஆல்டரேஷன், ரெனவேஷன், ரீகன்ஸ்ட்ரக்ஷன்

வேறு ஊரில் இந்த மூன்றையும் 'வீட்டு வேலை' என்று சேர்த்துச் சொல்லிவிடலாம். மாமல்லபுரத்தில் முடியாது. 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சின்னங்கள் ஊருக்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, சற்றுத் தள்ளி சாளுவன்குப்பம் புலிக்குகை. இத்தகைய சின்னங்களின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டம் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி இலக்கணம் வகுத்திருக்கிறது.

'கன்ஸ்ட்ரக்ஷன்': புதிதாகக் கட்டுவது. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் மாடி எடுப்பதும் பக்கவாட்டில் நீட்டுவதும் இதில் அடங்கும். தடைப் பகுதியில் இதற்கு இடமில்லை.

'ரீகன்ஸ்ட்ரக்ஷன்': இருந்ததை இடித்துவிட்டு, அதே நீள அகலத்துக்குள்ளும் அதே உயரத்துக்குள்ளும் மீண்டும் எழுப்புவது. ஒழுங்குமுறைப் பகுதியில் அனுமதி பெற்றுச் செய்யலாம்.

'ரிப்பேர் அண்ட் ரெனவேஷன்': இருக்கும் கட்டடத்தில் 'ஆல்டரேஷன்' செய்வது, அதாவது அதிலேயே மாறுதல் செய்து பழுது பார்ப்பது. புதிதாகக் கட்டுவதும் திரும்பக் கட்டுவதும் இதில் சேராது. தடைப் பகுதியில் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் சொல்லைத் தவறாகப் போட்டால் விளைவு பெரிது. ஓட்டை மாற்றித் தளம் போடப்போகிறவர் 'ரெனவேஷன்' என்று எழுதிவிட்டு, வேலையின்போது சுவரையும் இடித்துப் புதிதாக எழுப்பினால், கையில் இருக்கும் அனுமதி அந்த வேலைக்கு உரியது ஆகாது. கொத்தனாரிடம் வேலையின் எல்லையை எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் சொல்லையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். 1992-க்கு முன் வீடு இருந்ததைக் காட்டப் பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம் போன்றவை உதவும். அவற்றைத் தேடி எடுத்து வைத்த பிறகு விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

கடலோரம் என்றால் இதோடு முடியாது. 1991-இல் தொடங்கி, 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிடப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் பொதுவாக அதன் பார்வைக்குள் வரும். பட்டிப்புலம், தேவனேரி, கொக்கிலமேடு போன்ற கரையோர ஊர்களில் வீட்டைத் திரும்பக் கட்டுவதென்றால், கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எந்தப் பிரிவில் விழுகிறது என்று பார்ப்பது அவசியம். தொல்லியல் அனுமதி கடலோர அனுமதி ஆகாது. இரண்டும் கட்டட வரைபட அனுமதி ஆகாது.

6. எண்ணும் பெயரும் மட்டும் மாறுவது

'கன்வெர்ஷன்' என்ற அதே சொல் அளவை மாற்றத்துக்கும் வரும். இங்கே நிலத்தின் தன்மை மாறுவதில்லை. கணக்கு மட்டும் மாறுகிறது. இன்றைய பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். விற்பவர் சென்ட்டிலும் கிரவுண்டிலும் பேசுவார். தாத்தா காலத்துப் பத்திரம் காணியில் இருக்கும்.

1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி
1 சென்ட் = 435.6 சதுர அடி
1 கிரவுண்டு, அதாவது 1 மனை = 2,400 சதுர அடி
1 ஏர் = 100 சதுர மீட்டர் = சுமார் 2.47 சென்ட்
1 ஹெக்டேர் = 100 ஏர் = சுமார் 2.47 ஏக்கர்
1 காணி = 24 மனை = 57,600 சதுர அடி = சுமார் 1.32 ஏக்கர்

பட்டாவில் 0 ஹெக்டேர் 12.50 ஏர் என்றிருந்தால் 1,250 சதுர மீட்டர், சுமார் 30.9 சென்ட், அல்லது சுமார் 5.6 கிரவுண்டு. விற்பவர் ஆறு கிரவுண்டு என்று விலை பேசினால், இல்லாத நிலத்துக்குப் பணம் கேட்கிறார். பழைய பத்திரத்தில் அரைக் காணி என்றிருந்தால் 28,800 சதுர அடி, சுமார் 66 சென்ட். கணக்கைப் பத்திரம் எழுதுபவரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

சர்வே எண்ணும் மாறியிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன, யு.டி.ஆர். என்று கிராம நிர்வாக அலுவலர்கள் சொல்வது இதைத்தான். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதை வருவாய்ப் பதிவிலிருந்து எழுத்தில் பெறுங்கள்.

மாவட்டப் பெயரும் அப்படியே. ஆங்கிலப் பழம் பத்திரத்தில் 'சிங்கிள்புட்' என்றிருக்கும். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் அது பிரிந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆனது. 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இந்தப் பிரிவினைக்கு ஆங்கிலத்தில் 'பைஃபர்கேஷன்' என்று பெயர். இதனால் உங்கள் உடைமைக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்து எழுதும் பத்திரத்தில் "முன்பு காஞ்சிபுரம் மாவட்டம், தற்போது செங்கல்பட்டு மாவட்டம்" என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் போதும். ஆனால் சர்வே எண், எல்லை, தந்தை பெயர் தவறாக இருந்தால் கதை வேறு. அதற்கு 'ரெக்டிஃபிகேஷன்', பிழைதிருத்தல் பத்திரம் வேண்டும். முன்பு எழுதிக் கொடுத்தவர் மீண்டும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால், அவர் இருக்கும்போதே திருத்திக்கொள்வது நல்லது.

7. சொல்லின் வாலைப் பாருங்கள்

விளம்பரத்தில் 'கன்வெர்ட்டட்' என்றால் மாற்றியாகிவிட்டது. 'கன்வெர்ட்டிபிள்' என்றால் மாற்றலாம் என்று விற்பவர் நம்புகிறார். 'அப்ளைடு ஃபார்' என்றால் மனு மட்டும் போயிருக்கிறது. 'புரொபோஸ்டு' என்றால் மனுகூடப் போகாமல் இருக்கலாம். 'சப்ஜெக்ட் டு அப்ரூவல்' என்றால் கிடைக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது. முதல் சொல்லுக்கு மட்டுமே ஆணை எண்ணும் தேதியும் இருக்கும். எண்ணும் தேதியும் சொல்ல முடியாத எந்த மாற்றமும் இன்னும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

8. முன்பணம் கொடுக்கும் முன்

1. மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பாருங்கள். உடைமை எந்த வகைப் பத்திரத்தால் மாறியது?
2. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றிலும் பெயர், எண், பரப்பு ஒத்துப்போகிறதா?
3. 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் டி.சி., நிபந்தனை, புறம்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா?
4. திட்டப் பகுதியா, எந்த அலுவலக எல்லை, எந்தப் பயன்பாட்டு வகை? பயன்பாடு மாறியது என்றால் ஆணை எண் என்ன?
5. தொல்லியல் எல்லை, கடலோர மண்டலம் இரண்டிலிருந்தும் எவ்வளவு தூரம்?
6. பரப்பை உங்கள் கையால் சதுர அடிக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆறில் எதற்காவது "அப்புறம் மாத்திக்கலாம்" என்பது பதிலாக வந்தால், யார் மாற்ற வேண்டும், எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், மாறாவிட்டால் பணம் எப்போது திரும்ப வரும் என்று மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.